சுமைதாங்கி வேலிக்குள் நிற்கிறது

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வருவாய், வனம், நீர்வளத் துறைகளில் எங்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர்களுக்கும், கூடவே எங்கள் ஊர்க் கமிட்டிக்கும்,

வணக்கம்.

மனு எழுதத் தெரியாதவள் இல்லை நான். 27 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அரிசி எத்தனை கிலோ, பருப்பு எத்தனை, முட்டை எத்தனை, அதில் உடைந்தது எத்தனை என்று தினமும் எழுதிய கை இது. வேலி மறித்த எங்கள் ஊர் நடைப்பாதையைத் திறந்து தரச் சொல்லி, ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் முறையாகப் போட்டு ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்துவிட்டேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு ஒரு வரி வந்தது: ‘புலப்படத்தில் அப்படி ஒரு பாதை காணப்படவில்லை.’ புலப்படம் என்றால் நில அளவைப் படம். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. எழுதியவர் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அதனால் இந்த முறை தாளில் இல்லாததை எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன். எழுதினால் வேலி யாருடையது என்று அடுத்த ஊர்வரை தெரிந்துவிடும். அந்த மனிதரோடு எனக்குச் சண்டை ஒன்றும் கிடையாது. மருந்துவாழ் மலையின் அடிவாரத்தில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண்கள் மனுவில் இருக்கின்றன.

மருந்துவாழ் மலையை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஓடிவந்து, கடலைப் பார்ப்பதற்குக் கடைசியாக ஒரு முறை தலையைத் தூக்கிய இடம். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது அதிலிருந்து உதிர்ந்த துண்டு என்று சொல்வார்கள். அய்யா வைகுண்டரின் பெயரோடு சேர்ந்த மலை. நாராயண குரு 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கத்தை நாட்டுவதற்கு முன்னால் தவம் இருந்த பிள்ளைத்தடம் குகையும் இங்கேதான். இதனால் எல்லாருக்கும் கண் உச்சிமேலேயே இருக்கிறது. வருகிறார்கள், ஏறுகிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு வந்த வழியே இறங்குகிறார்கள். தார் ரோட்டில் மலையைச் சுற்றிப் போகிறவர்களும் உண்டு. எங்கள் ஊரிலிருந்து புறப்பட்டு, மலையின் ஒரு தோளைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி, குளத்தங்கரை வழியாகத் திரும்ப ஊருக்கே வந்து சேர்கிற ஒரு நடைப்பாதை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது.

அந்தப் பாதையைத்தான் சொல்ல வந்தேன். புளியமூட்டில் தொடங்கிப் புளியமூட்டில் முடியும். என் மகன் போனில் அளந்து பார்த்து ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்றான். எனக்கும் பக்கத்து வீட்டு மயினிக்கும் இரண்டரை மணி நேரம் ஆகும். அதில் அரை மணி நேரம் பேச்சு.

முதலில் விளைகள். பனையும் கொல்லாமாவும் (முந்திரி) நிற்கிற செம்மண் பூமி. காலையில் அக்கானி என்கிற பதநீர் இறக்குகிறவர் யாராவது பனைமேல் இருந்தால் குரல் மட்டும் கேட்கும், ஆளைத் தேட வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஓக்கிப் புயல் அடித்தபோது பனை அசையவில்லை. கொல்லாவும் புளியும் வேரோடு சாய்ந்து பாதைமேல் கிடந்தன. கரண்டு இல்லை, கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று மாவட்டமே அழுதுகொண்டிருந்த நேரம். ஒற்றையடிப் பாதையை யார் நினைப்பார்கள்? மரத்தை வெட்டி எடுக்கப் பல மாதம் ஆயிற்று. அதற்குள் எல்லாரும் ரோட்டுக்குப் பழகிவிட்டார்கள். ஒரு பாதை சாவதற்கு வேலியே தேவையில்லை, ஒரு வருடம் யாரும் நடக்காமல் இருந்தால் போதும் என்று அப்போது பார்த்தேன். பிறகு ஆடு மேய்க்கிற ஒரு பாட்டாதான் தினமும் போய்ப் போய்த் தடத்தை மறுபடி உண்டாக்கினார். அவர் ஆடுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

விளை முடிந்தால் பாறை. எங்கள் பக்கம் இப்படிப்பட்ட பாறைக்குன்றைப் பொத்தை என்போம். மலையடியில் பொத்தையடி என்றே ஒரு ஊர் இருக்கிறதே. செருப்பில்லாத கால்கள் பட்டுப் பட்டுப் பாறையில் ஒரு சாண் அகலத்துக்கு வழவழப்பான தடம் விழுந்திருக்கிறது. மழைத்தூறல் இருந்தால் அதில் கால் வைக்கக் கூடாது, ஓரமாகச் சொரசொரப்பில் ஏற வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தது அம்மா. அம்மாவுக்கு அவள் மாமியார்.

ஏறி முடிக்கிற இடத்துக்குக் காற்றுவாய் என்று பெயர். இரண்டு பாறைத் தோள்களுக்கு நடுவில் ஒரு இடுக்கு. ஆனி ஆடியில் வீசுகிற காற்று அங்கே சேலையைப் பிடித்து இழுக்கும். இரண்டு கையும் முந்தானைக்கே போய்விடும், பாறையைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும் என்பாள் மயினி. வடக்கே பார்த்தால் முப்பந்தல் காற்றாலைகள் வெள்ளை வெள்ளையாகச் சுற்றும். மேற்கே தென்னைகளுக்கு மேலே சுசீந்திரம் கோபுரம். தெற்கே கடல். 133 அடி வள்ளுவர் அங்கிருந்து பார்த்தால் விரல் நகத்தில் பாதி.

இறங்குகிற பக்கம் நிழல். பச்சிலை எல்லாம் அந்தச் சரிவில்தான். எனக்குச் சிறுகுறிஞ்சானும் நன்னாரியும் ஆடாதோடையும் தெரியும், மற்றவை எல்லாம் ‘இலை’. என் சின்ன வயதில் வர்ம ஆசான் ஒருவர் இந்த வழியாக வருவார். கூட வருகிற பையன்களிடம், “மக்கா, ஒரு மூட்டில ரெண்டு இலைக்கு மேல தொடாத. நாளைக்கும் நமக்கு நோவு வரும்” என்பார். இப்போது சாக்கு கொண்டுவந்து வேரோடு பிடுங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வனத்துறைக்கு ஒரு வார்த்தை: நாங்கள் தினமும் அந்த வழியாகப் போனால் உங்களுக்குச் சம்பளமில்லாத இரண்டு காவலாளிகள் கிடைத்தமாதிரி.

சரிவு முடிந்து, ஓடையைத் தாண்டினால், சுமைதாங்கி.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்திருக்கும். உயரம் தலைச்சுமைக்காரியின் கணக்கு: யாரும் கைகொடுக்காமல் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் சுமை கல்லுக்கு நகர்ந்துவிட வேண்டும், புறப்படும்போது அதேபோல் தலைக்கு ஏறிவிட வேண்டும். கர்ப்பமாக இருந்து பிரசவம் ஆகாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பார்கள். அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை மற்றவர்களாவது அங்கே இறக்கி வைக்கட்டும் என்று. எங்கள் கல்லுக்குரிய பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அம்மா அந்தப் பக்கத்து ஊரிலிருந்து கருப்பட்டி சுமந்து வரும்போது, கடவத்தை (ஓலைப்பெட்டியை) அதன்மேல் வைத்துவிட்டு, கல்லைத் தொட்டு “வாறேன் மக்களே” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். தன்னைவிட வயதில் மூத்த கல்லை அம்மா பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் மக்களே என்று கூப்பிடுவது எனக்கு அப்போது சிரிப்பாக இருக்கும்.

குறுக்குக் கல்லில் எழுத்து வெட்டியிருக்கிறது. பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. ‘கொல்லம்’ என்ற சொல்லும், அதற்குப் பிறகு ஒன்று, சுழி என்று இரண்டு இலக்கமும் தெரிகின்றன. மீதி இரண்டு போய்விட்டது. நாங்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள்; எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டுதான். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருடம் வரும். பத்தில் தொடங்குகிற நான்கு இலக்கம் என்றால் 1000-க்கும் 1099-க்கும் நடுவில். அதாவது 1825-க்கும் 1924-க்கும் நடுவில். எவ்வளவு குறைத்துக் கணக்குப் போட்டாலும் கல்லுக்கு நூறு வயது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பாதை இல்லாத இடத்தில் சுமைதாங்கியை யார் நடுவார்கள்?

அந்தக் கல் இன்று வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. விளையின் பழைய சொந்தக்காரர் காலமானபின், வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்து, தென்னங்கன்று வைத்து, ஊடே மரச்சீனி (மரவள்ளி) போட்டிருக்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் இறங்கி இரண்டு ஏக்கர் கிழங்கைத் தோண்டிப் போட்டால் என்ன செய்வார்? மயிலும் சும்மா விடுவதில்லை. நானே போய்ப் பேசினேன். கட்டன்சாயா கொடுத்து உட்கார வைத்துச் சொன்னார்: “அக்கா, பாதை இருக்குன்னு ஒரு எழுத்து காட்டுங்க. ஆறடி உள்ள தள்ளி வேலியை மாத்துறேன். எழுத்து இல்லாம நான் விட்டா, நாளைக்கு ஜேசிபி கொண்டு வந்து ரோடு போடுவானுவ.” அவர் பயம் பொய் இல்லை. அப்படி நடந்த இடங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆக, அவருக்கு எழுத்து வேண்டும். எழுத்து வைத்திருக்கிறவர்கள் பாதை இல்லை என்கிறார்கள். பாதையோ தரையில் கிடக்கிறது.

நான் கேட்பது இதுதான். ஒரு சர்வேயரை அனுப்புங்கள். அந்த விளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடையும் குளமும் புறம்போக்கு. பாதை அவற்றின் ஓரமாகவே வருகிறது. நடுவில் அந்த ஒரு விளையில் மட்டும் ஏறக்குறைய இருநூறு அடி பட்டா நிலத்தில் போகிறது. பழைய கிராம வரைபடத்தையும் இன்றைய புலப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய படத்தில் புள்ளிக்கோடாக ஏதாவது இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நில உரிமையாளரை உட்கார வைத்து, மூன்றடி அகலம், நடப்பதற்கு மட்டும், வண்டிக்கு இல்லை என்று ஒரு ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். அவர் கையெழுத்துப் போடுவார் என்று நம்புகிறேன். வேலியில் இரண்டு இடத்தில் கடவு வைத்தால் போதும்: ஆள் காலைத் தூக்கி வைத்து, உடம்பைத் திருப்பிப் போகலாம், மாடும் பன்றியும் நுழைய முடியாது. எங்கள் தாத்தா காலத்தில் எல்லா விளையிலும் அப்படி ஒன்று இருந்தது. கல்தச்சன் அரை நாளில் செய்துவிடுவார்.

அடுத்தது குளம். நாங்கள் கடைமடைக்காரர்கள். 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து புறப்பட்ட தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். முதல் போக நெல்லான கன்னிப்பூவுக்கு வராவிட்டாலும் இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கு வடகிழக்கு மழை குளத்தை நிறைத்துவிடும். கரைமேல் நடக்கிற அந்த அரை மணி நேரம்தான் இந்தச் சுற்றிலேயே எனக்குப் பிடித்தது. மலை இப்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும், தண்ணீரில் முன்னாலும் இருக்கும். தேரூர், சுசீந்திரம் குளங்களை 2022-இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே இடம் கிடைக்காத பறவைகள் எங்கள் குளத்துக்கு வருவதாக மயினி சொல்வாள். நீலத் தாழைக்கோழி தாமரை இலைமேல் நடக்கும் அழகை எந்த உச்சியில் ஏறினாலும் பார்க்க முடியாது.

2021 நவம்பர் மழையில், குளம் நிறைந்து வழிகிற மறுகாலின் ஓரம் அரித்து, தாண்டுவதற்குப் போட்டிருந்த பலகைக்கல் அடித்துக்கொண்டு போயிற்று. இன்றும் அது கீழே வயலில்தான் கிடக்கிறது, எல்லாருக்கும் இடம் தெரியும். புதுப்பாலம் கேட்கவில்லை. அந்தக் கல்லைத் தூக்கி மறுபடி வைத்துத் தாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் மறுகால் பாயும்போது அந்தப் பத்தடியைத் தாண்ட முடியாமல் நாங்கள் வந்த வழியே மலையேறித் திரும்பியிருக்கிறோம். 61 வயதில் ஒரே நாளில் காற்றுவாயை இரண்டு முறை தாண்டியவள் என்ற பெருமை எனக்கு வேண்டாம்.

இனி, வேண்டாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். கேட்காததெல்லாம் கிடைக்கிற காலம் இது. பாதையில் சிமென்ட் வேண்டாம், பூட்டுக்கல் வேண்டாம், குழல்விளக்கு வேண்டாம், தலைவர்கள் படம் போட்ட வளைவு வேண்டவே வேண்டாம். பாறையில் பெயிண்டால் அம்புக்குறி போடாதீர்கள்; பாறைக்கு வழி தெரியும். திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறேன். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை அத்தனை லட்சம் பேருக்கு அப்படித்தான் இருக்க முடியும், குறை சொல்லவில்லை. எங்கள் பாதையில் ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தால் அதிகம். அவர்களுக்குத் தேவை மண்.

கன்னியாகுமரிக் கடலில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 37 கோடி ரூபாயில் கட்டி, 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். நானும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் நடந்தேன். காலுக்குக் கீழே கடலைப் பார்த்ததும் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் காசில் பங்கு கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சர்வேயரின் ஒரு நாள், கல்தச்சனின் ஒரு நாள், பலகைக்கல்லைத் தூக்க ஒரு இயந்திரத்தின் இரண்டு மணி நேரம். நான் 27 வருடம் கணக்கு எழுதியவள், இதில் எங்கே எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இது நடக்கத் தெரிந்த மாவட்டம். சிவராத்திரிக்கு முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம்வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேல், கையில் பனையோலை விசிறியோடு ‘கோவிந்தா கோபாலா’ என்று ஓடுகிறார்கள். வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் மோரும் சுக்குத்தண்ணியும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓடுகிறவனுக்கு வழிவிடுவதும் வாய்நனைக்கக் கொடுப்பதும் இங்கே பழக்கம். அந்த மாவட்டத்தில் கருப்பட்டிப் பாதை ஒன்று கம்பிவேலியில் முட்டி நிற்பது எனக்கு உறுத்துகிறது.

ஊர்க் கமிட்டிக்குத் தனியாக இரண்டு வார்த்தை. அண்ணன்மாரே, தம்பிமாரே, கோபப்படாமல் கேளுங்கள். காற்றுவாயில் உடைந்து கிடக்கிற பாட்டில்கள் வெளியூர்க்காரர்களுடையவை மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அங்கே யார் இருக்கிறார்கள் என்று உங்கள் வீடுகளில் எண்ணிப் பார்த்தால் தெரியும். போன கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தபோது ஒருவர், “காலையில எந்திரிச்சி மலை சுத்துறது பொம்பளையளுக்கு எதுக்கு?” என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை. அந்தப் பாதையை உண்டாக்கியதே பொம்பளைகள்தான் தம்பி. புல்லுக்கட்டு, சுள்ளிக்கட்டு, கருப்பட்டிக் கடவம். ஆண்கள் சுற்றிப்போகிற வண்டிப்பாதையில் போனார்கள். உன் அம்மையும் என் அம்மையும் சேர்ந்து அந்தக் கல்லில் சுமை இறக்கி வெற்றிலை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பல பொத்தைகள் குவாரியாகிப் போனதை நாம் எல்லாரும் ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் மலைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. இருந்தாலும், நாலு பேர் தினமும் சுற்றி வருகிற மலையில் யாராவது கை வைத்தால் அன்று மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். யாரும் போகாத மலை என்றால், சத்தம் கேட்டுப் போய்ப் பார்க்கும்போது பாதி இருக்காது.

சரி, மடல் நீண்டுவிட்டது. தை பிறந்து மழை விட்டதும், எந்தச் சனிக்கிழமையானாலும், காலை ஐந்தரைக்கு மயினியும் நானும் புளியமூட்டில் நிற்போம். உங்களில் யாராவது ஒருவர் வாருங்கள். முன்னறிவிப்பு வேண்டாம், ஜீப்பை ரோட்டோரம் விட்டுவிடலாம். தோல் ஷூ போட்டு வந்தால் பாறையில் வழுக்கும். சுக்குக்காப்பி பிளாஸ்கில் இருக்கும், மட்டிப்பழமும் கொண்டு வருவோம். சர்வேயர் வந்தால் பழைய வரைபடத்தின் நகலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓடைவரைக்கும் நாங்கள் வழி காட்டுவோம். அங்கிருந்து பார்த்தால் வேலிக்குள் கல் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருத்தி,
மருந்துவாழ் மலை அடிவாரம்.